நால்வர் கூடி வலைத்தளம் பழகுதல்

வலைத்தளம் அமைக்கும் கலையைத் தனியே அமர்ந்து கற்பவர் விரைவாகக் கற்றுவிடக்கூடும். ஆயினும் தம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதெல்லாம் பிறர் கண்ணுக்கும் தெளிவாகவே இருக்கும் என்று நம்பிவிடும் அபாயம் அவரை விட்டு நீங்குவதில்லை. நாலு பேர் கூடிக் கற்கும்பொழுதோ, ஒருவர் அமைத்த பக்கத்தைப் பார்த்து இன்னொருவர் திருதிருவென்று விழிப்பதே பாடமாகிவிடுகிறது. ஆகவே, ஓர் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நால்வர் தங்கள் வட்டத்துக்கென ஒரு தளத்தை அமைத்துக்கொண்டே கற்பதாக வைத்துக்கொண்டு, அவர்கள் எந்தக் கிரமத்தில் சென்றால் நலம் என்பதைச் சொல்லுகிறேன்.

முதற்கண் ஒரு விலக்கு. "உனக்குப் படம், எனக்கு நிரல், அவருக்கு எழுத்து" என்று ஆரம்பத்திலேயே பங்கு பிரித்துக்கொள்ளலாகாது. அப்படிப் பிரித்தால் வேலை முடியும், கல்வி நடவாது. நிரல் என்றாலே அஞ்சுகிறவர் உள்பட நால்வரும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தடவையேனும் தம் கையால் செய்து பார்த்த பிறகே, அவரவர் நாட்டத்துக்கேற்ற பங்கை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை காகிதத்தில் தொடங்குகிறது. தளத்துக்கு வருபவர் என்ன கேள்வியோடு வருகிறார் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிப் பின்பு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டம் எப்பொழுது, எங்கே, எந்த நூலைப் பற்றி, புதியவர் வரலாமா, கட்டணம் உண்டா என்பன போன்ற ஏழெட்டுக் கேள்விகளில் விஷயம் அடங்கிவிடும். வட்டத்தின் நோக்கம், ஸ்தாபகரின் வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தும் படங்கள் ஆகியவற்றைத் தேடி எவரும் வருவதில்லை என்ற உண்மை அப்பொழுதே புலப்படும். சற்றுக் கசக்கவும் செய்யும். கேள்விகளுக்குரிய விடைகளை மெய்யான வாசகங்களாகவே எழுதிவிடுங்கள். பொருளற்ற நிரப்பு வாசகத்தைப் போட்டு அழகு பார்க்கும் பழக்கம் தொழில் தெரிந்தவர்களிடமும் உண்டு. கற்பவர்களுக்கு அது ஆகாது.

அதன்பின் ஒவ்வொருவரும் முகப்புப் பக்கத்தைப் பென்சிலால் வரைந்து மேசைமேல் வைக்கட்டும். நான்கில் எது சிறந்தது என்று வாதம் புரிவதைவிட, ஒவ்வொன்றிலும் கண் முதலில் எங்கே செல்கிறது என்று வினவுவதே பிரயோஜனமானது. இந்தக் கட்டத்தில் ஸ்டீவ் க்ரூக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டோன்ட் மேக் மீ திங்க்' என்ற நூலை நால்வரும் படிப்பது நன்று. சிறிய நூல், பார்ப்பவரை யோசிக்க வைக்காதே என்ற அதன் ஒரே உபதேசம் தலைப்பிலேயே இருக்கிறது.

காகிதத்தை விட்டுத் திரைக்கு வரும்பொழுது, பக்கத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் மொழியான எச்.டி.எம்.எல். ஒன்றை மட்டும் கொண்டு, நிறமோ அலங்காரமோ இன்றிப் பக்கத்தை எழுதுங்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991இல் உலகறிய வந்த முதல் தளத்தில் எழுத்தும் இணைப்புகளுமே இருந்தன. தலைப்பு, உட்தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற வரிசை ஒழுங்காக இருந்தால் அந்த மொட்டைப் பக்கமே படிக்கத் தக்கதாக இருக்கும். இல்லையேல் எத்தனை வர்ணம் பூசினாலும் குழப்பம் குழப்பமாகவே நிற்கும். பார்வையற்றோர் உபயோகிக்கும் திரைவாசிப்பான்களுக்கும் இந்த வரிசையே பெரிய வழிகாட்டி.

இனி அலங்காரம். 2003இல் டேவ் ஷே என்பவர் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார், எச்.டி.எம்.எல். ஒன்றே, அதைத் தொடாமல், தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றி எவரும் புதுக்கோலம் தரலாம் என்பது அதன் ஏற்பாடு. கூட்டாகக் கற்பவர்களுக்கு இதைவிட உத்தமமான பயிற்சி எனக்குத் தெரியாது. நால்வரும் எழுதிய அந்த ஒரே பக்கத்துக்கு ஆளுக்கொரு சி.எஸ்.எஸ். எழுதி ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பாருங்கள். இடைவெளி என்பது வீணான இடமன்று என்பதும், மூன்றாவது எழுத்துரு சேர்ந்தவுடன் பக்கம் சந்தைக்கடையாகிவிடுகிறது என்பதும் எவரும் சொல்லாமலே விளங்கும்.

நிறத்தைப் பற்றிய சச்சரவு இங்கேதான் எழும். ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கவும் செய்யும். அபிப்பிராயத்தால் தீராததை அளவு தீர்த்துவைக்கும். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளிமாறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையலாகாது என்பது வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ.3.சி. தந்த அணுகுதன்மை நெறி. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற குறியீட்டுக்குரிய சாம்பல் நிறம் 4.48 பெற்றுத் தோற்கிறது. 767676 என்பது 4.54 பெற்றுத் தேறுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விகிதத்தைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ்ப் பக்கத்துக்கு வேறு சில கவனங்களும் வேண்டும். ஆங்கிலத்துக்கு இணக்கமான 1.2 என்ற வரி உயரத்தை அப்படியே வைத்தால், மேல்வரியிலுள்ள 'கூ', 'ழூ' போன்றவற்றின் வாலும் கீழ்வரியிலுள்ள 'லீ', 'ரீ' ஆகியவற்றின் சுழியும் ஒன்றோடொன்று உரசும். 1.6 வைத்துப் பாருங்கள். போதாவிடில் இன்னும் சற்று ஏற்றுங்கள். சிறிய அளவில் தடித்த எழுத்து இட்டால் 'ண', 'ஞ' முதலியவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். "பதிவுசெய்துகொள்ளுங்கள்" என்ற சொல் கைப்பேசித் திரையின் சிறு பட்டனில் அடங்காமல் வெளியே வழியும். "பதிவு" என்றாலே போதுமானது.

கைப்பேசி என்றதும் நினைவுக்கு வருவது, ஈதன் மார்கோட் 2010இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை: திரைக்குத் தக்கபடி தன்னை ஒடுக்கியும் விரித்தும் கொள்ளும் ஒரே பக்கம். குறுகிய திரைக்கு முதலில் அமைத்துப் பிறகு அகலத் திரைக்கு விரிப்பது சுலபம். படங்களைச் சுருக்கி ஏற்றவும் மறக்க வேண்டாம்.

பிறகு வருவது பரீட்சை. இதைச் சிரத்தையோடு செய்பவர் குறைவு. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000இல் எழுதினார். வட்டத்துக்குப் புதியவர்களாக, அவர்களில் முதியவர் ஒருவரும் இருக்கும்படி, ஐந்து பேரைத் தனித்தனியே அழையுங்கள். "ஐயா, அடுத்த கூட்டத்தில் 'மோகமுள்' பற்றிப் பேசுகிறார்களாம், எத்தனை மணிக்கு என்று இதில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தை அமைத்தவர் அருகில் அமரலாகாது. "மேலே பாருங்கள், மேலே" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஒருவர் வழிநடத்த, மற்றொருவர் விரல் தயங்கிய இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். "தம்பி, இதை அமுக்கணுமா, இது வெறும் படமா?" என்று பெரியவர் கேட்டால், அந்தப் பட்டன் பட்டனாகத் தோன்றவில்லை என்று பொருள். விளக்கம் சொல்லப் புகாமல் அதைத் திருத்துங்கள். இருவர் இடறிய இடத்தை அன்றே மாற்றுங்கள். ஒருவர் மட்டும் இடறியது அடுத்த சோதனை வரை காத்திருக்கலாம்.

தளம் வெளியான பின், கூட்டம் முடிந்ததும் பழைய தேதியை நீக்கிப் புதியதை இடுபவர் யார் என்பதைப் பெயர் குறித்து முடிவு செய்யுங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது. தளப்பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை நால்வருடைய நாட்காட்டியிலும், கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே, குறித்து வைத்துவிடுங்கள்.