வெள்ளை விளக்கினுள் மஞ்சள் பொடி

பழுதான எல்.இ.டி. பல்பு ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுசென்று, மின் இணைப்பு இல்லாத நிலையில் அதன் பால்நிற மூடியைக் கழற்றிக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சதுரங்கள் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் இருக்கும். வெள்ளை ஒளி தரும் விளக்கில் மஞ்சள் எதற்கு? பன்னிரண்டாம் வகுப்பில் உள் இடைநிலைத் தனிமங்களை நடத்த இதைவிட நல்ல தொடக்கக் கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. லாந்தனாய்டு குறுக்கத்தையும் எலக்ட்ரான் அமைப்பையும் மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு, அந்தத் தனிமங்களில் ஒன்று தங்கள் தலைக்கு மேலேயே ஒளிர்வது தெரியாது.

குறைக்கடத்திச் சில்லு தன் ஆற்றல் இடைவெளிக்கு ஏற்ப ஏதோ ஒரு நிறத்தைத்தான் உமிழும். வெள்ளையை நேரடியாகத் தரும் தனிச் சில்லு இந்த பல்பில் இல்லை. இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி தரும் இண்டியம் காலியம் நைட்ரைடு சில்லு. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் மேல் பூசிய மஞ்சள் பொடி இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் படிகம். படிகத்தில் இட்ரியம் இருக்க வேண்டிய இடங்களில் மிகச் சிலவற்றில் மட்டும் சீரியம் அயனியை அமர்த்தியிருக்கிறார்கள். இதைத்தான் மாசூட்டல் என்கிறோம். மாசு என்றதும் மாணவர்கள் கெடுதல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே ஒளியே அந்த மாசிலிருந்துதான் வருகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சீரியம் நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழ்கிறது. உறிஞ்சப்படாமல் தப்பிய நீலமும் அந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கன்னியாகுமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு சீரியம் நிறைந்த கனிமம்.

அடுத்து ஒரு சோதனை. செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் பிளேடால் மெல்லிய பிளவு வெட்டி, எதிர்ப்பக்க உட்சுவரில் பழைய குறுந்தகட்டின் துண்டைச் சாய்த்து ஒட்டி, மேலே பார்க்க ஒரு துளை இடுங்கள். பிளவை எல்.இ.டி. விளக்கை நோக்கித் திருப்பினால் நீலத்தில் ஒரு பளிச்சென்ற பட்டை, அதையடுத்து சற்று மங்கிய இடம், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை தொடர்ச்சியாகப் பரவிய ஒளி தெரியும். அதே பெட்டியைப் பழைய சி.எஃப்.எல். விளக்கை நோக்கித் திருப்பினால் காட்சி மாறிவிடும்: தனித்தனிக் கோடுகள், இடையிடையே இருள். அவற்றில் 611 நானோமீட்டரை ஒட்டிய செங்கோடு யூரோப்பியம் தருவது. 545ஐ ஒட்டிய பச்சை டெர்பியத்தினுடையது. ஆனால் பாதரசத்தின் பச்சைக் கோடும் அங்கேயே விழுவதால் சிவப்பையே சான்றாகக் காட்டுவது நல்லது. சி.எஃப்.எல். உடைந்தால் பாதரச ஆவி வெளிப்படும். அதை ஆசிரியரே கையாள வேண்டும். பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது.

இரண்டும் அருமண் தனிமங்கள்தாம். ஒன்று கோடாகவும் மற்றொன்று பட்டையாகவும் ஏன் ஒளிர்கின்றன? பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. யூரோப்பியத்தில் எலக்ட்ரான் 4எஃப் ஆர்பிட்டாலுக்கு உள்ளேயே ஆற்றல் மட்டம் மாறுகிறது. வெளியே உள்ள 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் அதைத் திரைபோல மறைப்பதால் சுற்றியுள்ள அணுக்களின் பாதிப்பு மிகக் குறைவு. ஆகவே எந்தப் படிகத்தில் வைத்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில் கூர்மையான கோடுகள். சீரியத்திலோ எலக்ட்ரான் 5டியிலிருந்து 4எஃப்புக்கு இறங்குகிறது. 5டி வெளியே நீண்டிருப்பது. அண்டை அணுக்கள் அதை இழுத்துத் தள்ளுகின்றன. அதனால் பட்டை அகலமாகிறது, படிகத்தை மாற்றினால் நிறமும் மாறுகிறது. குறுக்கத்தை விளக்க நாம் சொல்லும் 4எஃப், 5டி வேறுபாட்டை மாணவர் இங்கே கண்ணாலேயே பார்க்கிறார்.

ஒரு கணக்கும் கொடுக்கலாம். 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சி.எஃப்.எல்.லில் பாதரசம் தரும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிருக்கு 4.88, 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.76, 550 நானோமீட்டர் மஞ்சள்பச்சைக்கு 2.25. முதல் வழியில் பாதிக்கும் மேல் வெப்பமாகப் போகிறது, இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

நானோ என்ற சொல்லைக் கேட்டதும், பல்பில் இருப்பதும் நானோ பொடியா என்று மாணவர் கேட்பார்கள். இல்லை என்றே சொல்லுங்கள். கடைகளில் விற்கும் விளக்குகளில் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களே உள்ளன. துகள் சிறுத்தால் மேற்பரப்பின் பங்கு கூடும். மேற்பரப்புக் குறைபாடுகளில் ஆற்றல் வீணாகி ஒளிர்வு குறையும். பிறகு நானோ எதற்கு? ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் ஒளியை அதிகம் சிதறடிப்பதில்லை. எனவே ஒளிபுகும் பூச்சுகளுக்கு உதவும். குறைபாட்டைச் சரிசெய்ய, துகளின் மேல் மாசூட்டாத மெல்லிய ஓடு ஒன்றை வளர்க்கிறார்கள்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மருத்துவ ஆய்வுகளில் பயன்படும் வகை. சோடியம் இட்ரியம் ஃபுளூரைடில் இட்டர்பியத்தையும் எர்பியத்தையும் சேர்த்தால், 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையும் சிவப்புமாக உமிழ்கிறது. குறைந்த ஆற்றலைப் பெற்று அதிக ஆற்றலைத் தருகிறதே, ஆற்றல் அழிவின்மை விதி என்னாயிற்று என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் எளியது: ஒரு பச்சை ஃபோட்டானுக்கு இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்கள் செலவாகின்றன. இட்டர்பியம் வாங்கிக் கொடுக்க, எர்பியம் படிப்படியாக ஏறுகிறது. அகச்சிவப்பு திசுவுக்குள் கூடுதல் ஆழம் செல்லும், திசுவைத் தானாக ஒளிரச் செய்வதும் அரிது. அதனால் செல்களைத் தெளிவாகப் படம்பிடிக்க இத்துகள்களை ஆராய்கிறார்கள்.

வெள்ளை ஒளிக்கே திரும்பினால், டிஸ்ப்ரோசியம் ஒன்றே 480ஐ ஒட்டி நீலமும் 575ஐ ஒட்டி மஞ்சளும் தரும். இரண்டின் விகிதம் படிகத்தைப் பொறுத்தது. நீலச் சில்லும் மஞ்சள் பொடியும் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே அயனியிடம் வாங்க முடியுமா என்பதே அங்கு ஆய்வாளர்களின் கேள்வி. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இரண்டில் எந்தக் கோடு சுற்றுப்புறத்துக்கு அதிகம் வளைந்துகொடுக்கும் என்று மாணவர்களையே தேடச் சொல்லலாம்.