பேர் இருந்தும் கடதாசி கிடைக்காத அங்கத்தவர்



நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் போட ஒரு கமிட்டி வைத்தார்கள். மாதர் சங்கத் தலைவியின் பேரும் அதில் இருந்தது. குழாய் எந்த லயத்துக்குப் போகும் என்று முடிவான பிறகுதான், கூட்டம் நடந்ததே அந்த அம்மாவுக்குத் தெரியும். “பேரை மட்டும் எழுதிக்கிட்டாங்க ஐயா” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதே மாதிரி விசயம் அமெரிக்காவில் பெரிய இடத்தில் நடந்து கோர்ட்டுக்கே போயிருக்கிறது.

அங்கே 1972இல் அரசாங்க ஆலோசனைக் குழுக்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. கூட்டத் தேதியை நம்ம வர்த்தமானி போன்ற அரசாங்க ஏட்டில் முன்கூட்டியே போட வேண்டும். சில காரணங்களுக்கு மூடிய கூட்டம் உண்டு. மற்றபடி பொதுமக்கள் வந்து உட்காரலாம். கூட்டக் குறிப்பைக் கேட்டால் காட்ட வேண்டும். ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் குழுவில் நிரப்பக் கூடாது. ஆலோசனைதானே, இதற்கு ஏன் இத்தனை கட்டு என்று கேட்பீர்கள். இன்று காதில் ஓதுவதுதான் நாளைக்குச் சட்டமாகி நம்ம தலையில் வந்து இறங்குகிறது.

2017 மே மாதம் ஜனாதிபதி ட்ரம்ப், தேர்தல் மோசடி பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். உப ஜனாதிபதி மைக் பென்ஸ் தலைவர். மெயின் மாநிலத்தின் செயலாளர் மத்தியூ டன்லப், எதிர்க்கட்சிக்காரர், அவரும் ஓர் அங்கத்தவர். இரண்டு கூட்டம் நடந்தது. பிறகு அவருக்கு ஒரு தகவலும் இல்லை. எழுதிக் கேட்டும் கடதாசிகள் வரவில்லை. நவம்பரில், தான் இருந்த குழுவின் மேலேயே வழக்குப் போட்டார்! டிசம்பர் 22ஆம் தேதி நீதிபதி கொலர்-கொட்டெலி, அங்கத்தவர் என்றால் முழுமையாகப் பங்கெடுக்க உரிமை உண்டு, அதற்கு வேண்டிய கடதாசிகளைக் கொடுங்கள் என்றார். பன்னிரண்டே நாளில், 2018 ஜனவரி 3ஆம் தேதி, ஜனாதிபதி குழுவையே கலைத்துவிட்டார்.

டன்லப் விடவில்லை. அந்த வருசமே கடதாசிகள் அவர் கைக்கு வந்தன. ஆகஸ்ட்டில் அவற்றை வெளியிட்டார். அறிக்கையின் வரைவில் மோசடிக்குச் சான்று என்று தலைப்புகள் இருந்தனவாம், கீழே ஒன்றும் எழுதவில்லையாம்.

எல்லா வழக்கும் இப்படி ஜெயிக்காது. 2001இல் உப ஜனாதிபதி டிக் செனியின் எரிசக்திக் குழுவில் கம்பெனிக்காரர்களும் அங்கத்தவர் போல இருந்தார்கள் என்று இரண்டு அமைப்புகள் வழக்காடின. 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. குழுவின் முடிவில் வாக்கு இல்லாத வெளியாள் அங்கத்தவர் இல்லையாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. வாக்கே இல்லாமல் காரியம் சாதிக்கிறவர்களைத் தோட்டத்திலும் பார்க்கிறோமே.

2020இல் பொலிஸ் சீர்திருத்தம் பற்றிய ஒரு குழுவில் பொலிஸ், சட்ட அமுலாக்கப் பக்கத்து ஆட்களே இருந்தார்கள். கறுப்பின மக்களுக்காக வழக்காடும் அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போனது. இது சட்டத்தை மீறிய குழு என்று நீதிபதி ஜோன் பேட்ஸ் தீர்ப்புச் சொன்னார்.

நம்ம நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எழுதச் சிரமமானால் என்னிடம் வாங்க, சேர்ந்து எழுதுவோம்.