மின்நிலையத்து வெந்நீரும் கடல் மட்டிகளும்

மலைநாட்டில் வாழும் எமக்கு மின்சாரம் என்றதும் அணைக்கட்டுகளே நினைவுக்கு வரும். லக்சபான, சமனலவெவ, இப்போது உமா ஓயா. ஆனால் நாட்டின் மின்கம்பிகள் யாவும் ஒரே வலையமைப்பில் இணைந்தவை. அப்புத்தளையில் நாம் படிக்கும் விளக்கொளியில் நுரைச்சோலை நிலக்கரிக்கும் பங்குண்டு. கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள அந்த லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. அதன் புகையையும் சாம்பலையும் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறோம். இத்தகைய நிலையங்கள் கடலுக்குத் திருப்பியனுப்பும் வெந்நீரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் அந்த நீரில் அகப்படும் மட்டிகளைப் பற்றி எழுத நினைத்தேன்.

நிலக்கரியை எரித்து உண்டாக்கும் நீராவி சுழலியைச் சுற்றுகிறது. வேலை முடிந்த ஆவியை மறுபடி நீராக்கக் குளிர்ச்சி வேண்டும். அதற்காகக் கடல்நீரை உள்ளே இழுத்து, சூடானபின் வெளியே விடுகிறார்கள். எரியும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கை விடச் சற்றுக் கூடுதலானதே மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கடலுக்குத்தான் போகிறது. இந்தியாவில் கடலோர அனல்மின் நிலையங்கள் கடல்நீரின் வெப்பநிலையை 7 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று விதி இருக்கிறது.

7 பாகை என்ன பெரிதா? அப்புத்தளைக் குளிரில் அவ்வளவு கூடினால் எமக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் எமது கடல் ஏற்கெனவே 28, 30 பாகையில் இருக்கிறது. வெப்பவலயத்து மட்டிகள் தாம் தாங்கக்கூடிய மேல் எல்லைக்கு அருகிலேயே வாழ்கின்றன. அவற்றின் உடல் வெப்பநிலை சூழலோடு மாறும். நீர் 10 பாகை சூடானால் அனுசேபம் ஏறத்தாழ இரட்டிப்பாகி, ஒட்சிசன் தேவையும் கூடும். நீரோ சூடாகும்போது ஒட்சிசனை இழக்கிறது: 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 35 பாகையில் 5.7 தான். மீன் நீந்தித் தப்பிவிடும். பாறையில் ஒட்டிய மட்டி ஓட்டை மூடிக்கொள்ளும். மூடினால் சூடு மட்டுமா வெளியே நிற்கும்? உணவும் ஒட்சிசனும் கூடத்தான்.

குஞ்சுப் பருவத்து ஆபத்து வேறு. மட்டியின் குடம்பிகள் நீரோடு மிதப்பவை. குளிரூட்ட இழுக்கும் நீரோடு குழாய்க்குள் போய், வெப்பத்திலும் குளோரினிலும் அகப்படுகின்றன. குளோரின் எதற்கு? தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடலடியிலிருந்து நீர் கொண்டுவரும் சுரங்கச் சுவரில் பச்சை மட்டிகள் குடியேறி நீரோட்டத்தைத் தடுத்தன. அவற்றைத் தடுக்கவே அங்கு குளோரின் இடுகிறார்கள். மட்டிக்கு மின்நிலையம் தொல்லை என்று எழுத வந்தேன். மின்நிலையத்துக்கும் மட்டி தொல்லைதான்! கலிபோர்னியாவின் சில கரையோர நிலையங்கள் இன்னும் எளிய வழியைக் கையாண்டன. வெளியேறும் வெந்நீரையே குழாய்க்குள் திருப்பி, ஏறத்தாழ 40 பாகையில் மட்டிகளைக் கொன்றன.

அதே மாநிலத்தின் டயப்லோ கன்யன் அணுமின் நிலையத்து வெந்நீர் விழும் குடாவில், 1988இல் கறுப்பு அபலோன் எனும் சிப்பியினம் நோயால் பெருமளவில் மடிந்தது. நோய்க்குக் காரணம் ஒரு பக்ற்றீரியா. வெந்நீர் அந்நோயைத் தீவிரமாக்கியது.

இதைக் கேட்டுக் கடல் முழுவதும் வெந்துபோகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெந்நீர் இலேசானது, மேற்பரப்பில் பரவி, அலையோடு கலந்து ஆறிவிடும். பாதிப்பு பெரும்பாலும் வெளியேறும் வாயை அண்டிய பகுதிக்குள் அடங்கும். அங்கு மட்டி பொறுக்கி வாழும் குடும்பத்துக்கோ அந்தப் பகுதிதான் முழுக் கடல்.

விதியில் எனக்குப் புரியாத இடம் ஒன்றுண்டு. அது சுற்றுக் கடலை விட எத்தனை பாகை கூடுதல் என்றே அளக்கிறது. அந்தச் சுற்றுக் கடலே சூடாகி வருகிறது. 1998இலும் 2016இலும் எமது பவளப் பாறைகள் அதனால் வெளுத்தன. மட்டி வித்தியாசத்தை உணர்வதில்லை, மொத்தச் சூட்டையே உணர்கிறது. கடல் 31 பாகையில் இருக்கும் ஒரு சித்திரை மாதத்தில் அனுமதிக்கப்பட்ட 7ஐக் கூட்டினால் 38. குழாயில் மட்டிகளைக் கொல்லும் சூட்டுக்கு இன்னும் 2 பாகைதான் குறைவு.