வெளிநாட்டு பார்சல்: கட்டணக் கணக்கில் கவனம்

வீட்டிலிருந்தே இன்டர்நெட் மூலம் பொருட்களை விற்பவர்கள், முதல் வெளிநாட்டு ஆர்டர் வரும்போது பெரும்பாலும் தடுமாறுவது பார்சல் கட்டணத்தில்தான். பொருளின் விலையைச் சரியாகப் போட்டுவிட்டு, அனுப்பும் செலவைக் குறைவாகப் போட்டால் லாபத்துடன் முதலும் போய்விடும். இதை எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

எடை இரண்டு வகை

தராசு காட்டுவது ஒரு எடை. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கணக்கிட்டு வருவது இன்னொன்று. இதனைக் கன அளவு எடை என்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுத்தால் இது கிலோவில் கிடைக்கும். பல கூரியர் நிறுவனங்கள், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் கூரியர் எந்த எண்ணால் வகுக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்செல் உதவி

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உடையாமல் இருக்கப் பஞ்சு வைத்துக் கட்டியதில் பெட்டி 40 x 30 x 30 செ.மீ. ஆகிவிட்டது. தராசு எடை 2.3 கிலோ.

1. எக்செல்லைத் திறந்து, ஏ1 முதல் ஏ5 வரை உள்ள செல்களில் நீளம், அகலம், உயரம், தராசு எடை, கன அளவு எடை என டைப் செய்திடவும்.

2. பி1 முதல் பி4 வரை 40, 30, 30, 2.3 என எண்களைத் தரவும்.

3. பி5 செல்லில் = அடையாளம் இடவும். பின் பி1 செல்லில் மவுஸால் கிளிக் செய்து * டைப் செய்யவும். அடுத்து பி2 கிளிக் செய்து மீண்டும் * இடவும். பி3 கிளிக் செய்து /5000 என டைப் செய்து என்டர் தட்டவும்.

விடை 7.2 என வரும். அரை கிலோ கணக்கில் உயர்த்தினால் 7.5 கிலோ. கிலோவுக்கு 700 ரூபாய் என்று வைத்தால் கட்டணம் 5,250 ரூபாய். தராசை மட்டும் நம்பி 2.5 கிலோவுக்கு 1,750 ரூபாய் வாங்கியிருந்தால் கைநஷ்டம் 3,500 ரூபாய்!

இப்போது அளவுகளை 30, 25, 25 என மாற்றிப் பாருங்கள். 3.75 என உடனே மாறும். அதாவது 4 கிலோ, 2,800 ரூபாய். பொம்மையைப் பகுதிகளாகப் பிரித்து அடுக்கினால் சிறிய பெட்டி போதுமா என்று இங்கேயே முடிவு செய்யலாம்.

எரிபொருள் கூடுதல் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை கூரியர் சொல்லும் தொகையில் அடங்குமா என்றும் கேட்கவும். வாங்குபவர் நாட்டு வரி தனி. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. எனவே வரியை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

குறைவாக வாங்கிவிட்டால்?

பார்சலை இன்னும் அனுப்பவில்லை எனில், முதலில் சிறிய பெட்டிக்கு முயலுங்கள். அஞ்சல் நிலையத்திலும் கட்டணம் விசாரியுங்கள். அப்போதும் நஷ்டம் என்றால் வாங்குபவருக்கு உடனே மெயில் அனுப்புங்கள். கணக்கைக் காட்டி, வித்தியாசத்தைத் தருகிறாரா அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறுகிறாரா என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் விற்பனைத் தளத்தின் விதிகளைப் படிக்கவும். கூடுதல் பணம் கேட்கவோ ஆர்டரை ரத்து செய்யவோ கட்டுப்பாடுகள் இருக்கலாம்.

பார்சல் போய்விட்டது என்றால் நஷ்டம் உங்களுடையதே. பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதும், செலவைச் சரிக்கட்டச் சுங்கப் படிவத்தில் மதிப்பைக் குறைத்து எழுதுவதும் கூடாது. பொய்யான மதிப்பு எழுதினால் பார்சல் பறிமுதல் ஆகலாம், அபராதமும் வரலாம்.

அதிகமாக வாங்கியிருந்தால், அவர் கேட்கும் முன்பே மீதியைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த ஆர்டரும் அவரிடமிருந்தே வர வாய்ப்புண்டு.

எக்செல் பைலை சேவ் செய்து வைத்து, புதிய பொருளுக்கு விலை போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.