மெசினுக்குக் களைப்பில்லை

அன்பு மருமகளுக்கு,

பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்கு நிலாவரைக் கிணற்றை எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னா. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்த கதையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்ததாம். போட்டது யார், எடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை! ஆனாலும் கதை வெறுங்கதையல்ல. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்துமாக ஆக்கிவிட்டது. ஓரிடத்தில் இறங்கியது எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாது.

நமக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதுதான் முக்கிய முதல். அந்த நன்னீர், கல்லுக்குள் ஊறி நிற்கும் கடல்நீரைவிடக் கனம் குறைந்ததால் அதன் மேல் மிதக்கிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் உப்பு நாளடைவில் 40 அடி ஏறும் என்பதும் அதே கணக்குத்தான்.

உன் பூட்டன் காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் மாறுவார். ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும். அதற்குள் கிணறு ஊறிவிடும். மெசினுக்குக் களைப்பில்லை. வெங்காயப் பாத்தி நிரம்பி வழிந்தாலும் ஓடுகிறது. செம்பாட்டு மண்ணில் போட்ட யூரியா அந்தத் தண்ணீரோடு நைத்திரேற்றாக இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வருகிறது. மலக்குழியும் அதே கல்லுக்குள்தான் கசிகிறது. நைத்திரேற்றுக் கூடிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கத் திணறும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. உரமும் மலமும் மட்டுமல்ல, எண்ணெயும் இறங்கியது: சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கட்டலாம், கல்லுக்குள் போன எண்ணெயை யார் வழிப்பது?

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறந்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது குடிக்கத்தான்; தோட்டத்துக்குக் கிணறுதான் கதி. ஊர்க் குளங்களைத் தூர்வாரி மாரி வெள்ளத்தை நிலத்துக்குள் இறக்குவதுதான் பெரிய வேலை என்பேன். ஆனால் குளத்துக்கு மதகு கட்ட வரும் கூட்டம் அதற்குள் கிடக்கும் குப்பையை அள்ள வருவதில்லை.

உன் செயற்றிட்டத்துக்கு, பங்குனியிலும் ஆவணியிலும் கயிற்றில் முடிச்சுப் போட்டு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார். முதல்நாள் பின்னேரமே மெசினை நிறுத்தச் சொல்லி, விடியப்புறம் அள. இல்லாவிட்டால் இறைப்பில் இறங்கிய மட்டத்தைத்தான் எழுதுவாய்.

அன்புடன்,
மாமா