புடலையில் பிஞ்சு உதிர்வது ஏன்?

புடலை போட்டவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். கொடி பந்தலை மூடிவிட்டது, பூவுக்கும் குறைவில்லை, ஆனால் பிஞ்சு விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. சத்து போதவில்லை என்று உடனே யூரியா வைக்கிறார்கள். ஆனால் மாடித்தோட்டத்தில் பெரும்பாலும் சத்துக்குறை இதற்குக் காரணமில்லை. மகரந்தம் சேராததுதான் காரணம். உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். தோலில் ஊசி குத்தியது போல் புள்ளியும் பிசினும் இருந்து, உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. குத்தலும் புழுவும் இல்லாமல் வெறுமனே சூம்பியிருந்தால் முதல் சந்தேகம் மகரந்தத்தின் மேல்தான் விழ வேண்டும்.

இதை மனதில் வைத்தே நடவிலிருந்து தொடங்க வேண்டும். ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் புடலைக்கு ஏற்றவை. விதைத்தோல் கெட்டி என்பதால் இரவு முழுக்க ஊறவைத்து, ஓர் அடி ஆழக் குழியில் மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் திடமானதை மட்டும் விடலாம். மாடிக்கு ஓர் அடி நீளமே காய்க்கும் கோ 2 போன்ற குட்டை ரகம் வசதி. ஒற்றைக் கொடியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில்தான் வரும் என்றாலும், இரண்டும் ஒரே மாலையில் விரிந்தால்தான் பயன். மூன்று நான்கு கொடி இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, ஆறடி உயரப் பந்தலில் படரவிடுங்கள்.

முதலில் ஆண்பூக்களாகவே வந்து கொட்டும். அது இயல்பு, பதற வேண்டாம். ஆண்பூ நீளக் காம்பில் கொத்தாக வரும். பெண்பூ தனியாக, அடியில் குட்டிப் புடலையோடு நிற்கும். இரண்டுமே வெள்ளை, இதழோரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகு விரிந்து, மறுநாள் காலையில் வாடிவிடும். ஆகவே இதற்கு வேலைக்காரன் பகல் தேனீ அல்ல, இரவில் வரும் அந்துப்பூச்சி. விளக்கு வெளிச்சமும் சிமென்ட் தரையுமான மாடியில் அது வருமென்று காத்திருப்பதைவிட, இருட்டியபின் டார்ச்சோடு போய், விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தப் பகுதியைப் பெண்பூவின் நடுமுடியில் மெதுவாகத் தடவிவிடலாம். சேர்ந்திருந்தால் சில நாட்களில் பிஞ்சு நீள்வது கண்ணுக்கே தெரியும்.

கிராமத்தில் யார் இப்படித் தடவிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே வேலியும் புதரும் இருட்டும் இருந்தன, பூச்சியும் இருந்தது. இன்றும் அப்படிப்பட்ட தோட்டமானால் இந்த வேலை வேண்டாம். வெள்ளரிக்கும் பாகலுக்கும் தேனீ போதுமே என்பார்கள். அவை காலையில் விரிபவை; புடலை அந்தக் கணக்கில் வராது. எத்ரல் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் பெண்பூ கூடும் என்பது உண்மை. இளங்கொடியில் தெளிக்க வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஆனால் கூடுவது பூதான். மகரந்தம் சேராவிட்டால் உதிர்வதும் சேர்ந்தே கூடும். மாடியில் நாலு கொடிக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. யூரியாவோ நிலைமையை மோசமாக்கும்: தழைச்சத்து மிஞ்சினால் இலை தழைக்கும், பெண்பூ குறையும். மருந்து தெளிப்பதை மாலைக்கு வைப்பது தேனீயைக் காக்கும் நல்ல பழக்கம்தான். ஆனால் புடலையில் அதே மாலைதான் அந்து வரும் நேரம். வேப்பெண்ணெய் ஆனாலும் வெயில் ஏறுமுன் காலையிலேயே தெளித்துவிடுங்கள்.

நீள ரகமானால், பிஞ்சு சாண் நீளம் வந்ததும் நுனியில் சிறு கல்லைக் கட்டினால் காய் சுருளாமல் இறங்கும். நகம் எளிதாக இறங்கும் பதத்தில் பறித்துவிடுங்கள். முற்றினால் நாரும் கசப்பும்தான் மிஞ்சும். விதைக்குப் பழுக்கவிடும் காயைப் பருவத்தின் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் கொடி அடுத்த பிஞ்சுகளைப் பிடிப்பது குறைந்துவிடும்.