பாட்டி ஏன் தேக்காவுக்கு வர மறுக்கிறார்?

உங்கள் பாட்டி ஆங் மோ கியோவில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்கினால் உங்களோடு பேருந்து ஏறி, தேக்கா சந்தையில் சாமான் வாங்கி, சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்த்துவிட்டு வருவார். இந்த ஆண்டு கூப்பிட்டால், “கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்கிறார்.

காரணம் கால் வலியாக இல்லாமலும் இருக்கலாம். இருமும்போதும் சிரிக்கும்போதும் சில துளி சிறுநீர் கசிந்துவிடுகிறது. பேருந்தில் அப்படி ஆகிவிடுமோ என்ற அச்சம். வெட்கத்தால் பலர் இதை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அது சரிதானா? பார்ப்போம்.

பையும் தூளியும்

நம் சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டி, ஒரு நாளில் ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் சிறுநீரை உண்டாக்குகின்றன. அது சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 600 மில்லிலிட்டர் வரை கொள்ளும். பையின் சுவர் தசையால் ஆனது. சிறுநீர் நிறையும்போது அது தளர்ந்து இடம் கொடுக்கும்; கழிக்கும்போது சுருங்கி வெளியே தள்ளும். பையின் வாயைச் சுருக்குத்தசைகள் மூடி வைத்திருக்கின்றன.

இவற்றுக்குக் கீழே, முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வாலெலும்புவரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இதுவே இடுப்புத்தளத் தசை. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் ஆகியவற்றைத் தாங்குவது இதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு பலூனில் பாதியளவு தண்ணீர் நிரப்புங்கள். அதைத் தலைகீழாகப் பிடித்து, வாயை இரு விரல்களால் லேசாக அழுத்தி மூடுங்கள். இன்னொரு கையால் பலூனை அமுக்குங்கள். தண்ணீர் கசியும். விரல்களை இறுக்கிக்கொண்டு மீண்டும் அமுக்கினால் கசியாது.

இருமும்போது நடப்பதும் இதுவே. வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென உயர்ந்து பையை அமுக்குகிறது. உள்ளிருக்கும் அழுத்தத்தைவிட வாயை மூடும் அழுத்தம் குறைந்தால் கசிவு ஏற்படும்.

தூளி ஏன் தளர்கிறது?

கருவுற்றிருக்கும்போதும் பிரசவத்தின்போதும் இத்தசைகள் மிகவும் இழுபடுகின்றன. லிட்டில் இந்தியாவுக்கு அருகே இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,000க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. அன்றைய தாய்மார்கள் இன்று பாட்டிகள், கொள்ளுப்பாட்டிகள். உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவையும் இத்தசைகளைத் தளர்த்தும்.

அளந்து பார்த்த மருத்துவர்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பணியாற்றிய மகளிர் நோய் மருத்துவர் ஆர்னல்ட் கீகல், தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்று கருதினார். ஆனால் ஒரு சிக்கல். கையை மடக்கினால் தசை புடைப்பது கண்ணுக்குத் தெரியும். இந்தத் தசையோ உள்ளே மறைந்திருக்கிறது. “இறுக்குங்கள்” என்று சொன்னால், பலர் வயிற்றையோ தொடையையோ இறுக்கினார்கள்.

அதற்காக அவர் ஒரு கருவியை அமைத்தார். உடலுக்குள் வைக்கும் சிறிய ரப்பர் அறை ஒன்று, குழாய்மூலம் அழுத்தமானியோடு இணைந்திருக்கும். சரியான தசையை இறுக்கினால் முள் நகரும். தாம் செய்வது சரியா என்பதை நோயாளியே கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. வாரங்கள் செல்லச் செல்ல முள் உயர்வதையும் பார்த்தார்கள். இந்த முறையை கீகல் 1948இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் இப்பயிற்சி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஒரு மருத்துவரின் அனுபவம் மட்டும் அறிவியலுக்குப் போதாது. பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்து, 2018இல் முடிவை வெளியிட்டது. இருமும்போது கசியும் வகையில், பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். இந்த ஒப்பீடு, அவற்றுள் 165 பெண்கள் பங்கேற்ற 4 ஆய்வுகளிலிருந்து கிடைத்தது.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. சிலருக்குப் பை நிறையும் முன்பே அதன் சுவர் சுருங்கிவிடும். அடக்க முடியாத அவசரம் வரும். இவர்களுக்குக் கழிப்பறை செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும் மருந்துகளும் உதவுகின்றன. கிருமித் தொற்று, நீரிழிவு போன்றவையும் காரணமாகலாம். ஆண்களுக்கும் இக்குறை வரும். ஆகவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

பாட்டியிடம் தனியாக, மரியாதையோடு பேசுங்கள். “இது தசைக் கோளாறு பாட்டி, இதுக்குச் சிகிச்சை இருக்கு” என்று சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்லி, அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து சிறப்பு மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் அனுப்புவார்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும் என்பதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு சொல்: பள்ளிக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்காக நாள் முழுதும் அடக்கி வைக்காதீர்கள். எரிச்சலோ வலியோ இருந்தால் வீட்டில் உடனே சொல்லுங்கள்.

சிந்தியுங்கள்

1. பலூன் சோதனையில் விரல்கள் எந்த உடல் உறுப்பின் வேலையைச் செய்கின்றன?
2. வாய்மொழியாகச் சொல்வதைவிட, முள் நகர்வதைப் பார்த்துச் செய்வது ஏன் பயனளித்தது?
3. கீகலின் கட்டுரைக்குப் பிறகும் பல ஆய்வுகள் தேவைப்பட்டது ஏன்?